என் கையெழுத்தில் ஒரு பொய்

கொரோனா அடங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகள் எல்லாம் இழந்த நாட்களை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை பிரஸ் மெஷினில் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். வீடு திருமுல்லைவாயிலில். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்வாள். ஒரே மகள், அப்போது ப்ளஸ் டூ.

காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபம் செய்வது என் வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து, வேலை செய்பவர்கள் எல்லோரும் என்னை "பாஸ்டர்" என்றே கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் மரியாதையான கேலி. எனக்கும் உள்ளுக்குள் பெருமை. சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். கம்பெனியிலும் ஆண்டவருக்குச் சாட்சியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் அதனால் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். அந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. "எப்படி முடிப்பீங்களோ தெரியாது, வெள்ளிக்கிழமை லோடு ஏறணும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால், நானே ஒரு துண்டு வயரை எடுத்து இடதுபக்க பட்டனுக்குப் பின்னால் சொருகினேன். இனி ஒரு பட்டனை அழுத்தினாலே மெஷின் இறங்கும். ஒரு கையால் பட்டன், இன்னொரு கையால் தகடு. வேலை ஓடும்.

அந்த மெஷினை ஓட்டியவர் கள்ளிக்குப்பத்துக்காரத் தம்பி ஒருவர். காண்ட்ராக்ட் ஆள். முப்பது வயதுதான் இருக்கும். வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா பாஸ்டரே, ஒத்த பட்டன்லயே எறங்குது?"

"மெயின்டனன்ஸ்ல பண்ணியிருக்காங்க. ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நான் சொன்னதை நம்பி அவர் ஓட்டினார். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்பு, அலறல் கேட்டது. நான் ஓடிப்போனபோது அவர் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வேன் கேட்டைத் தாண்டியதும் நான் மெஷினுக்குத் திரும்பினேன். யாரும் பார்க்கும் முன் அந்த வயரைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னாலிருந்து மேனேஜர் குரல் கேட்டது. "எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். உள்ள வாங்க."

கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கோபமே இல்லை, நிதானமாகப் பேசினார். "பாருங்க, கஸ்டமர் ஆடிட் வருது. கம்பெனி செஞ்சதுன்னு ஆனா ஆர்டர் போயிடும், எல்லாருக்கும் வேலை போயிடும். நீங்க செஞ்சதுன்னு ஆனா உங்களுக்கு மட்டும் போகும். அவனே அவசரப்பட்டு செஞ்சுக்கிட்டான்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. காண்ட்ராக்ட் ஆள்தானே."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். என் மகளின் முகம் கண் முன்னால் வந்தது. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. எல்லாருடைய வேலையையும் காப்பாற்றுகிறோம் என்று ஒரு சமாதானத்தையும் சேர்த்துக்கொண்டேன். பாதுகாப்பு விதியை மீறி ஆபரேட்டரே பட்டனில் வயரைச் சொருகியிருந்தார் என்று என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகம் போனால் ஏழு வரி இருக்கும்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அந்தத் தம்பி, தான் வரும்போதே மெஷின் அப்படித்தான் இருந்தது, சூப்பர்வைசரைக் கேட்டால் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். நான் எழுதிய தாளை அவர்கள் அவரிடம் காட்டவில்லை. தவறு உன்னுடையது என்று மட்டும் சொல்லி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. எனக்குச் சம்பளத்தோடு பொறுப்பையும் கூட்டினார்கள்.

அந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்லும் சாட்சி நேரம் வந்தபோது நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். கம்பெனியில் ஒரு பெரிய சோதனை வந்தது, கர்த்தர் என்னைத் தலைகுனிய விடவில்லை, எதிர்பாராத உயர்வையும் கொடுத்தார் என்று சொன்னேன். எல்லோரும் "அல்லேலூயா" என்றார்கள். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. நான் சொல்வதை நானே நம்பினேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

ஆராதனை முடிந்து மூவரும் வீட்டுக்கு வந்தோம். வாசலில் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இன்னா பாஸ்டரே, சர்ச்சு முடிஞ்சிதா?" என்று சிரித்தார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். மனைவி காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கப் பழக்கத்தில் இடது கையை நீட்டினார். மிச்சமிருந்த விரல்களில் அது நிற்கவில்லை. சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டு, "இன்னும் பழகல" என்றார். என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நானே ஒயர சொருவிக்கினேன்னு எழுதிக்கிறாங்களாம். வேற கம்பெனில போய் வேல கேட்டா, போன் போட்டு விசாரிக்கிறாங்க. அப்பால வேணான்றாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உண்மையத்தான் எழுதி குட்த்திருப்பீங்க, எனக்குத் தெரியும். ஆபீஸ்ல எவனோ தாள மாத்திட்டான்" என்றார்.

நான் வாழைப்பழச் சீப்பை எடுத்து மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

"நான் உங்களாண்ட ஒண்ணும் கேக்க வரல பாஸ்டரே. உங்களுக்கும் குடும்பம் கீது. எனக்காக ஒரு தபா வேண்டிக்கோங்க, அது போதும். எனக்கு உங்க சாமியெல்லாம் தெரியாது. ஆனா நீங்க வேண்டிக்கினா கேக்கும்னு மனசுக்குப் படுது."

அந்த இடது கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

காயம் ஆறியிருந்தது. தோல் மட்டும் மழமழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. நான் கண்ணை மூடினேன். "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. இருபது வருடமாக எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த நோயாளியைப் பார்த்தாலும் மடைதிறந்த மாதிரி ஜெபிக்கிறவன் நான். காப்பாற்று என்று கேட்பதா? யாரிடமிருந்து காப்பாற்று என்று கேட்பது? கண்ணீர்தான் வந்தது. அந்தத் தம்பி என்ன நினைத்துக்கொண்டார் தெரியுமா? தனக்காக நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அழுவாதீங்க பாஸ்டரே. உங்களுக்காவது மனசு கீதே" என்று என் தோளைத் தட்டிவிட்டு எழுந்துபோனார்.

கதவைச் சாத்திவிட்டு என் மனைவி என் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, அந்தத் தாள்ல நீங்க என்ன எழுதுனீங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. வயர் சொருகியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. காபி டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"அப்போ இன்னிக்குக் காலையில மைக்கைப் பிடிச்சு சொன்னது என்னது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"கர்த்தர்கிட்ட அப்புறம் கேளுங்க. மொதல்ல அந்தப் பையன்கிட்ட போய்ச் சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேலை போயிடும், தெரியும். ஆனா இதை மறைச்சு வச்சுக்கிட்டு நீங்க முழங்கால் போட்டா, பக்கத்துல நான் முழங்கால் போட மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரயில் குறைவு. அந்தத் தம்பி பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டதாக நினைத்துச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

உட்காராமலே சொன்னேன். "தாளை யாரும் மாத்தல தம்பி. எழுதினது நான்தான். வயரைச் சொருகினதும் நான்தான்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு மெதுவாக மறைந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து நின்றார்.

"உன்னாண்ட வந்து வேண்டிக்கோன்னு கேட்டேனே" என்றார். அதுவரை என்னை "நீங்க" என்றே பேசியவர். "என் பொண்டாட்டியே நான்தான் சொருவிக்கினேன்னு நெனச்சிகினு கீறா. தெரியுமா உனக்கு? இத என் ஊட்ல வந்து சொல்லு. இப்பவே வா."

ஆவடிப் பக்கமிருந்து ரயில் வந்தது. இருவரும் ஏறினோம். அடுத்த ஸ்டேஷன்தான் அம்பத்தூர், சில நிமிடப் பயணம். அவர் கதவுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் கால் அவர் பின்னாலேயே போயிற்று.

கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறை வீடு. அவர் மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தார். சின்னப் பெண் குழந்தை தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது. நான் நின்றபடியே மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தார். "ரெண்டு மாசமா இந்தாள நான் இன்னா பேச்சு பேசிக்கிறேன்! அவசரம் புடிச்சவனே, உன் கைய நீயே வெட்டிக்கினியேன்னு... ஒரு வார்த்த திருப்பிப் பேசல இந்தாளு" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்களாண்ட வந்து சொல்லி இன்னா ப்ரோஜனம்? எழுதுன எடத்துல போயி சொல்லு. அப்பால வா, நீ மனுசனா இல்லையான்னு பாக்கலாம்."

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன்.

"சொல்றேன்னு இல்ல. எழுதிக் குடு."

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். மகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவளுக்கும் எல்லாம் தெரியட்டும் என்று மனைவி சொன்னாள். எழுதியதை மகள்தான் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் "கவனக்குறைவால் இப்படி நடந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். அவள் நிறுத்தினாள். "கவனக்குறைவு இல்லையேப்பா. தெரிஞ்சுதானே செஞ்சீங்க?" அந்த வரியை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தேன் என்று எழுதினேன். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் மேஜையில் ஒரு பிரதியை வைத்தேன். படித்தார். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"யோசிச்சுத்தான் எழுதுனீங்களா? பொண்ணு காலேஜ் போற வயசு. இந்த எஸ்டேட்டுல இனிமே யாரும் உங்களைச் சேர்க்க மாட்டாங்க. எடுத்துட்டுப் போங்க, நான் பார்க்கவே இல்லன்னு வச்சுக்கறேன்."

தாளை எடுத்துவிடச் சொல்லி உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. ஆனால் அந்த வீட்டில் கேட்ட வார்த்தை காதிலேயே இருந்தது. "இதே மாதிரி இன்னொன்னு, ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குக் கொண்டுபோறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றே போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவந்தேன்.

பிறகு நடந்தவை எதுவும் சுலபமாக இல்லை. என்னை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பல மாதம் விசாரணை நடந்தது. அழைத்தபோதெல்லாம் போனேன். கேட்டதற்கெல்லாம் நடந்ததை மட்டும் சொன்னேன். கம்பெனிக்கும் எனக்கும் அபராதம் விதித்தார்கள், அது நியாயமானது. அந்தத் தம்பி மேல் போட்ட பழி எழுத்து மூலமாக நீக்கப்பட்டது. அவருக்கு வரவேண்டிய நஷ்டஈடு வந்தது. அதே கம்பெனியில் தகடுகளைச் சரிபார்க்கும் பிரிவில் நிரந்தர வேலையும் கொடுத்தார்கள். மேனேஜர் பயமுறுத்திய மாதிரி யாருடைய வேலையும் போகவில்லை. என்னுடையதைத் தவிர.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. போதகரைப் பார்த்து, நான் சொன்ன சாட்சி பொய், அதை அதே சபையில் எழுந்து திருத்த வேண்டும் என்றேன். அவர் நல்லவர். என் மேல் இரக்கப்பட்டு, "ஆண்டவர் மன்னிச்சுட்டார் பிரதர். எல்லார் முன்னாடியும் எதுக்கு? பிள்ளைங்க இருக்காங்க, உங்ககிட்ட பாடம் படிக்கிறவங்க" என்றார். "அவங்க முன்னாடிதான் ஐயா பொய் சொன்னேன்" என்றேன். கடைசியில் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தபோது முன் வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தேன். இந்தத் தடவை யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஞாயிறு பள்ளிப் பொறுப்பை நானே விட்டுவிட்டேன். சில குடும்பங்கள் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டன. அன்றைக்கு மைக்கை வைத்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது என் மனைவி தன் பாட்டுப்புத்தகத்தை விரித்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

எட்டு மாதம் வேலை இல்லை. மனைவியின் தையல் மெஷின்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது. மகள் விரும்பிய கல்லூரிக்குப் போக முடியாமல் அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். ஒருநாளும் குறை சொல்லவில்லை. பிறகு குமணன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் சரக்குகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் பழைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டார்கள். சொன்னேன். முதலாளி பேனாவை மூடி வைத்தார். "நாளையிலிருந்து வாங்க" என்றார்.

சென்ற வருடம் ஒரு மாலை குமணன்சாவடி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தோளை யாரோ தொட்டார்கள். அந்தத் தம்பி. ஏதோ கல்யாணத்துக்கு வந்தாராம். கூடவே அந்தப் பெண் குழந்தை, நன்றாக வளர்ந்திருந்தாள்.

"நல்லா கீறியா?" என்றார்.

"இருக்கேன் தம்பி."

பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். மகள் பிஸ்கட் வாங்கப் போனபோது அவர் மெதுவாகச் சொன்னார். "உன் மேல கோவம் இன்னும் கீது. பொய் சொல்ல மாட்டேன். சில நாள் கை வலிச்சா உன் மூஞ்சிதான் ஞாபகம் வருது." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா என் பொண்ணு, கை எப்டிப்பா போச்சுன்னு கேட்டா, நட்ந்தத நட்ந்த மாரியே சொல்றேன். அவ நம்புறா. அது உன்னாலதான்."

அவருடைய பஸ் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கோபம் தீரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அது அவருடையது. ஆனால் இன்றும் கிடங்கில் யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால், அதில் எழுதியிருப்பது உண்மையிலேயே நடந்ததுதானா என்று நின்று நிதானமாகப் படிக்கிறேன். வாழ்நாளெல்லாம் வாயால் செய்த ஜெபங்களைவிட, அப்படி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் ஆண்டவருக்குப் பக்கத்தில் இருப்பதாக உணர்கிறேன்.